மாற்று வேட்பாளர்

ஜூன் 8, சனி

என்னங்க,

நேற்று வாயால் திட்ட வேண்டியதெல்லாம் திட்டியாகிவிட்டது. இனி எழுத்தில்தான். பேசினால் நீங்கள் ஏதாவது ஜோக் அடிப்பீர்கள், நான் சிரித்துத் தொலைப்பேன், விஷயம் அப்படியே அமுங்கிப்போகும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. ஜெராக்ஸ் கடை நடத்துகிறவளுக்கு எதுவும் காகிதத்தில் இருந்தால்தான் மனசு அடங்கும். உங்கள் பதிலுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வேன்.

நடந்தது இதுதான், தப்பிருந்தால் திருத்துங்கள். போன தடவை நம் கவுன்சிலரை, அந்த வாடகை நாற்காலிக்காரரை, எதிர்த்து நின்ற தையல்காரரின் மனுவைக் கையெழுத்து சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். நாற்காலிக்காரர் போட்டியே இல்லாமல் மறுபடியும் கவுன்சிலர் ஆனார். எனக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று என் தம்பி யோசனை சொல்லி, உங்கள் பெயரிலும் ஒரு மாற்று மனு போட்டோம். என் மனுவைத் தள்ளினால் நீங்கள் நிற்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் நீங்கள் வாபஸ் வாங்க வேண்டும். என் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். நேற்று மூன்று மணிக்குள் நீங்கள் நேரில் போய் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும்.

நீங்கள் போகவில்லை. நான் மூன்று மணிக்கு மேல் சின்னம் வாங்கப் போய் நிற்கிறேன், அதிகாரி இறுதிப் பட்டியலை வாசிக்கிறார். நாற்காலிக்காரர், நான், நீங்கள். அங்கே இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நாற்காலிக்காரர் சிரித்தார்.

நான் எதற்காக நிற்கிறேன் என்று உங்களுக்கு மறந்திருக்காது. பஸ் நிலையத்தில் பெண்களுக்குக் கட்டிய கழிப்பறையைப் பூட்டி, அதற்குள் அந்த ஆள் தன் வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார். அதைத் திறக்கச் சொல்லி எத்தனை பெண்களுக்கு நான் மனு எழுதிக் கொடுத்திருப்பேன்! காய்கறி விற்கிறவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டு இரண்டாகப் பிரிந்தால் அந்தப் பூட்டு இன்னும் ஐந்து வருஷம் தொங்கும்.

நேற்று மத்தியானம் எங்கே இருந்தீர்கள்? போன் ஏன் அணைந்திருந்தது?

நம் வீடு இப்போது தேர்தல் ஆபீஸ். வருகிறவர்கள் எல்லாம் உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஓட்டுப் போட்டு முடியும்வரை பட்டறையிலேயே இருங்கள். சாப்பாட்டை என் தம்பி கொண்டுவருவான். பதிலை அந்தக் கேரியரிலேயே வையுங்கள்.

— உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 9, ஞாயிறு

மாண்புமிகு வேட்பாளர் அம்மாவுக்கு,

எதிர்த்து நிற்கும் வேட்பாளரின் பணிவான வணக்கம்.

சரி, கோபப்படாதே. மத்தியானம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே தண்ணீர் மோட்டார் எரிந்துபோய்விட்டது. மாடி வார்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓடி வாங்க என்றார்கள், ஓடினேன். போன் பையில் கிடந்தது, சார்ஜ் போய்விட்டது. மோட்டாருக்குள் தலையை விட்டுவிட்டால் எனக்கு வெளி உலகம் கிடையாது என்பது உனக்குத் தெரியாததா? வெளியே வந்து மணியைப் பார்த்தேன், போச்சு. மறந்துவிட்டேன், அவ்வளவுதான். மறதிக்குத் தூக்குத் தண்டனை உண்டா?

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். செம்புக் கம்பிச் சுருளுக்கும் பழைய பம்புக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்கிறேன். திரும்பிப் படுத்தால் வார்னிஷ் டப்பா இடிக்கிறது. கட்டிய பெண்டாட்டியே வீட்டை விட்டுத் துரத்திய வேட்பாளர் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான்.

நான் பிரசாரம் எதுவும் செய்யப்போவதில்லை. யார் எனக்குப் போடப்போகிறார்கள்? சும்மா இரு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் திட்டம் போட்ட உன் தம்பி, நேற்று முன்தினம் எனக்கு நினைவுபடுத்த ஏன் வரவில்லை? மாமா, கையெழுத்துப் போட்டீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டால் அவன் வாய் தேய்ந்துவிடுமா? இந்தக் கடிதத்துக்கு நாலு பக்கமும் பின் அடித்திருக்கிறேன். பிரித்திருந்தால் தெரிந்துவிடும்.

— பட்டறைவாசி


ஜூன் 11, செவ்வாய்

என்னங்க,

பின்னை நான்தான் பிரித்தேன். என் தம்பியை வம்புக்கு இழுக்காதீர்கள். அவன் அன்றைக்கு முழுக்க என்னோடு தெருத் தெருவாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். நினைவுபடுத்தவில்லை என்று என்னிடமே சொல்லி வருத்தப்பட்டான். சொந்த மாமாவுக்குக் காவல் போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஓட்டுக் கேட்கத்தான். மாடி வார்டு நர்ஸம்மா உங்களைப் புகழ்ந்து தள்ளினார். “அவர் வந்து கை வச்ச உடனே சரியாயிடுச்சு, பதினொரு மணிக்கெல்லாம் தண்ணி வந்துடுச்சும்மா” என்றார். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் எந்த மோட்டாருக்குள் தலையை விட்டிருந்தீர்கள்?

இன்னொன்று. நான் குடைச் சின்னம் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு, அதிகாரி உங்கள் பட்டறைக்குப் போன் போட்டிருக்கிறார். மிச்சம் இருப்பதில் எது வேண்டும் என்று கேட்டாராம். மறந்துபோன மனிதன் என்ன செய்வான்? ஐயோ, மறந்துவிட்டேனே, இப்போது வந்தால் வாபஸ் வாங்க முடியுமா என்று அலறுவான். நீங்கள் அலறவில்லை. “ஸ்பேனர் இருக்குங்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே இருந்த குமாஸ்தாவே என் கடைக்கு வந்து சொன்னார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

நேற்றைக்கு நாற்காலிக்காரரின் வேன் உங்கள் பட்டறை வாசலில் வெகுநேரம் நின்றதாம். இன்று காலை மார்க்கெட் சுவர் முழுக்க உங்கள் போஸ்டர். “நம்ம வீட்டு மோட்டாரை ஓட வைத்தவருக்கு ஸ்பேனரில் முத்திரை.” கீழே அச்சகத்தின் பெயர் இல்லை. உங்கள் போட்டோ வேறு. போன வருஷம் கல்யாண வீட்டில் எடுத்த போட்டோ, பக்கத்தில் என் தோள் கொஞ்சம் தெரிகிறது. என்னை வெட்டிவிட்டு உங்களை ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆள் உங்களுக்கு என்ன தருவதாகச் சொன்னார்? ஒளிக்காமல் சொல்லுங்கள். என் தலையில் மிளகாய் அரைத்தது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.


ஜூன் 12, புதன்

இந்தத் தடவை ஜோக் இல்லை.

வேன் வந்தது உண்மை. அவருடைய ஜெனரேட்டரை எப்போதும் நான்தான் பார்க்கிறேன், அதுவும் உனக்குத் தெரியும். இறக்கி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். நான் கைவேலை இருக்கிறது என்று சொல்லித் திருப்பி ஏற்றச் சொன்னேன். ஏற்றத்தான் நேரம் ஆனது, ஆள் இல்லை, நானே ஒரு பக்கம் பிடித்தேன். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அதைப் பார்த்து உன்னிடம் சொன்னவர் இதையும் பார்த்திருப்பாரே, அதை ஏன் சொல்லவில்லை?

போஸ்டர் நான் அடிக்கவில்லை. அந்தப் போட்டோ கல்யாண வீட்டில் எல்லோருக்கும் கொடுத்த போட்டோ. யார் அடித்தது என்று சின்னக் குழந்தைக்கும் புரியும். உன் ஓட்டைப் பிரிக்க என்னை ஏற்றிவிடுகிறார். இன்று நானே தண்ணீர் வாளியும் கரண்டியுமாகப் போய்ச் சுரண்டினேன்.

ஊர்க்காரர்கள் தரும் அரைத்தாள் மனுவை நம்பி நகல் போட்டுக் கொடுக்கிறாய். கட்டிய புருஷன் சொன்னால் நர்ஸைக் கேட்கிறாய், குமாஸ்தாவைக் கேட்கிறாய். நான் என்ன திருடனா? நான் அந்த ஆளிடம் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. இதை நீ நம்பித்தான் ஆக வேண்டும்.

நாளைக்கே வீடு வீடாகப் போகிறேன். எனக்குப் போடாதீங்க, என் வீட்டம்மாவுக்குக் குடையில் குத்துங்க என்று ஒவ்வொரு வாசலிலும் கும்பிட்டுச் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?


ஜூன் 14, வெள்ளி

என்னங்க,

பிரசாரத்தை உடனே நிறுத்துங்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நேற்று நீங்கள் போன தெருக்களுக்கு இன்று நான் போனேன். நேற்றுவரை எனக்கு ஓட்டு என்று சொன்னவர்கள் எல்லாம் ஒரு மாதிரி நெளிகிறார்கள். பள்ளிக்கூடத் தெருவில் அந்தக் கணக்கு டீச்சர் இருக்கிறாரே, என்னிடமே சொல்கிறார்: “ஓட்டுப் போடாதீங்கன்னு கேட்டு வந்த ஒரே ஆளு உங்க வீட்டுக்காரர்தாம்மா. இப்படி ஒரு மனுஷனுக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?” பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டினார். தன் போஸ்டரைத் தானே கிழித்தவர் என்று எதிர்வீட்டில் ஒருவர். நான் குடை நோட்டீஸை நீட்டியபடி நிற்கிறேன், என் எதிரில் உங்கள் பெருமையைப் பேசுகிறார்கள்.

இது உங்களுக்குத் தெரியாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா? ஓட்டு வேண்டாம் என்று சொல்லி ஓட்டு வாங்குகிற வித்தையை நாற்காலிக்காரர் சொல்லிக் கொடுத்தாரா, நீங்களே கண்டுபிடித்தீர்களா? இப்படி எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனால் இரவில் படுத்தால் அதுதான் ஓடுகிறது.

நகராட்சி ஆபீஸ் எதிரில் உட்காரும் பத்திரம் எழுதுகிறவரை இன்று பார்த்தேன். பேச்சுவாக்கில் அவர் சொன்னது இது. போன வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நீங்கள் அங்கே வந்தீர்கள். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்தீர்கள். அவரிடமே பேனா வாங்கி, மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி வைத்துக்கொண்டிருந்தீர்கள். மூன்று அடித்ததும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனீர்கள். சாலையைத் தாண்டினால் ஆபீஸ் வாசல்.

மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது. யாருக்காகக் காத்திருந்தீர்கள்?


ஜூன் 16, ஞாயிறு

உனக்கு,

இரண்டு நாளாகக் கேரியரைக் காலியாகத் திருப்பி அனுப்பினேன். எழுத வரவில்லை.

யாருக்காகவும் காத்திருக்கவில்லை. யாரும் எதுவும் தரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தது உண்மை. பேனா கேட்டதும் உண்மை. கையெழுத்துப் போடத்தான் போனேன், சத்தியமாக.

மனுவைப் பரிசீலனை செய்த அன்று அதிகாரி என் பெயரைச் சத்தமாக வாசித்தார். அப்பா பெயர், வயது, தொழில் எல்லாம் சேர்த்து வாசித்துவிட்டு, இவர்மேல் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அறையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நாற்காலிக்காரர்கூடத் திறக்கவில்லை. நான் எத்தனையோ வீட்டுக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறேன், ஒரு வீட்டிலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மோட்டார்க்காரரே என்பார்கள், இல்லாவிட்டால் இந்தாப்பா என்பார்கள். உன் கடைக்கு வருகிறவர்கள் உன்னை மேடம் என்கிறார்கள். நான் உன்னைக் கூப்பிட அங்கே வந்தால், மேடம், உங்களைத் தேடி ஆள் வந்திருக்கு என்கிறார்கள்.

அதற்கப்புறம் பட்டறைக்கு வந்த நாலு பேர், நீங்களே நில்லுங்களேன், நாங்க போடுறோம் என்றார்கள். சும்மா வாய் வார்த்தைதான். எனக்கு அது உள்ளே இறங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். எத்தனை பேர் போடுவார்கள் என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் என்ன? பத்து பேர் போட்டால் போதும், உன் வெற்றிக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அப்படியே மூன்று அடித்துவிட்டது. ஸ்பேனர் கேட்டதும் அந்தப் புத்திதான்.

இதற்கு ஆசை என்று பெயர் வைக்கக் கூச்சமாக இருக்கிறது. வேறு சொல் தெரிந்தால் நீயே போட்டுக்கொள். வீடு வீடாகப் போனது மட்டும் நிஜமாகவே உனக்காகத்தான். அது இப்படித் திரும்பும் என்று தெரியாது. நிறுத்திவிட்டேன்.


ஜூன் 18, செவ்வாய்

என்னங்க,

நீங்கள் பணம் வாங்கியிருக்கலாம் என்று இருக்கிறது. வாங்கியிருந்தால் அதை அந்த ஆள் மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்திருப்பேன், நாலு நாளில் மறந்துபோயிருக்கும். இதை எங்கே கொண்டுபோய் எறிவது?

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்கிறீர்கள். நானும்தான் கூப்பிட்டதில்லை. அதை நினைத்து நேற்று அழுதேன். கோபமும் குறையவில்லை. ஆசைப்பட்டதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால், வாங்க, இரண்டு பேரும் சீட்டு எழுதிக் குலுக்கிப் பார்ப்போம் என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இன்னும் ஒரு சங்கடம். இதையும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கதையையும் இப்படித்தான் நன்றாக எழுதியிருந்தீர்கள். நாற்காலி வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லாம் கவுன்சிலர் ஆள் என்று என் தம்பி சொன்னால் சிரித்தவள் நான். இப்போது பால்காரர் இரண்டு தடவை மணி அடித்தால் ஏன் என்று எட்டிப் பார்க்கிறேன். தம்பி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் அவன்மேலும் சந்தேகம் வருகிறது. நீங்கள் சொன்ன ஒரு பொய் வீடு முழுக்கப் பரவியிருக்கிறது.

வியாழக்கிழமை ஓட்டுப்பதிவு. நான் காலையிலேயே போய்விடுவேன். நீங்கள் மத்தியானம் போங்கள். வரிசையில் ஒன்றாக நிற்க வேண்டாம், எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள்.


ஜூன் 22, சனி

என்னங்க,

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டாசுச் சத்தம் பட்டறைவரை கேட்டிருக்கும். நாற்காலிக்காரர் ஜெயித்துவிட்டார். நான் இரண்டாவது. உங்களுக்கு விழுந்ததில் பாதி எனக்கு விழுந்திருந்தால் இன்று நம் வாசலில் வெடித்திருப்பார்கள்.

எண்ணும்போது மேசைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். சீட்டைப் பிரித்துப் பிரித்து வைக்கிறார்கள். நாற்காலிக்காரர், குடை, நாற்காலிக்காரர், ஸ்பேனர், குடை, ஸ்பேனர். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் என் தம்பி உச்சுக் கொட்டினான். நடுவில் ஒரு நிமிஷம் எனக்கு, பாவம், இவ்வளவு பேர் போட்டிருக்கிறார்களே, அவர் இங்கே இருந்து பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் அப்படி நினைத்ததற்கு என்மேலேயே கோபம் வந்தது.

தோற்றதற்கு அழவில்லை. சாயங்காலம் பஸ் நிலையம் வழியாக வந்தேன். பூ விற்கிற பெண், “பரவாயில்லம்மா, எங்களுக்குப் பழகிப்போச்சு” என்றாள். அங்கேதான் அழுகை வந்தது.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கக்கூடாது என்று இரண்டு நாள் வாயைக் கட்டி வைத்திருந்தேன். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?

மற்றதற்கெல்லாம் எனக்கு ஒரு சாட்சி கிடைத்தது. இதற்குக் கிடைக்காது. அந்த மறைப்புக்குள் நீங்களும் சீட்டும்தான். குடைக்கு என்று நீங்கள் எழுதினால் அது உண்மையா என்று சாகும்வரை யோசித்துக்கொண்டிருப்பேன். அதனால் பதில் எழுதாமல் இருந்தாலும் சரி, புரிந்துகொள்கிறேன்.


ஜூன் 23, ஞாயிறு

உனக்கு,

ஸ்பேனருக்கு.

முத்திரையைக் குடைக்கு நேராகத்தான் கொண்டுபோனேன். அப்போது, எல்லோரிடமும் போடாதே போடாதே என்று சொல்லிவிட்டோமே, ஒருத்தருமே போடாமல் போய்விட்டால் என்ற பயம் வந்தது. எண்ணும்போது என் பெயருக்கு நேராகச் சைபர் என்று வாசிப்பார்கள், நீ அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாய் என்று பட்டது. கை கீழே இறங்கிவிட்டது. குத்திய பிறகு சீட்டை மாற்றிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள், மடித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குத்தான் போட்டேன் என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன்.

இனி வீட்டுக்கு வாங்க என்று நீ சொல்ல மாட்டாய். கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. மழை பெய்தால் கூரை ஒழுகுகிறது, அதைச் சரிசெய்துகொண்டு இங்கேயே இருந்துகொள்கிறேன். கேரியர் அனுப்ப வேண்டாம், உனக்கு எதற்குச் சிரமம்.


ஜூன் 24, திங்கள்

என்னங்க,

உங்கள் கடிதத்தைத் தம்பியிடம் காட்டவில்லை. படித்ததும் முதலில் அதைச் சுருட்டி எறிந்தேன், பிறகு எடுத்துப் பிரித்து நிமிர்த்தி மறுபடி படித்தேன். பெண்டாட்டி நிற்கிற தேர்தலில் அவளுக்கு ஓட்டுப் போடாத புருஷன் என்று எங்கே போய்ச் சொல்வது?

ஆனால் இதை உங்களைத் தவிர வேறு யாராலும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் பொய் சொல்லியிருந்தால் எந்த நர்ஸும் எந்தக் குமாஸ்தாவும் உங்களைக் காட்டிக்கொடுத்திருக்க முடியாது. அது தெரிந்தும் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நேற்றுவரை நீங்கள் சொன்னதில் எதையெல்லாம் நம்பாமல் இருந்தேனோ, அந்த வேன், அந்தப் போஸ்டர், வீடு வீடாகப் போனது, எல்லாவற்றையும் நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நம்பினேன். அதற்கே விடிந்துவிட்டது.

கோபம் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருக்கும். அதைத் தூரத்தில் இருந்துகொண்டு எழுதி எழுதிக் காட்ட எனக்கு அலுத்துவிட்டது, நேரில்தான் காட்டப்போகிறேன்.

சாயங்காலம் வாருங்கள். தெருவில் யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், பெண்டாட்டி கூப்பிட்டாள் என்று. கதவைத் தட்டுங்கள். தம்பியைத் திறக்க விடமாட்டேன், நானே வந்து திறக்கிறேன்.